ரோஜாப் பள்ளத்தாக்கில் ஒரு மாலை நடை: கேள்வி பதில்

துருக்கியின் நடுவில் இருக்கும் கப்படோக்கியாவுக்கு 2 முறை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை தோழிகளோடு, கைடு இல்லாமல். அடுத்த தடவை அப்பா அம்மாவோடு, கைடு வைத்துக்கொண்டு. படங்களைப் பார்த்துவிட்டு நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி அங்கே ரோஜாப் பள்ளத்தாக்கு, சிவப்புப் பள்ளத்தாக்கு என்ற இரண்டிலும் சாயங்காலம் நடப்பதைப் பற்றித்தான். பலூனைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கணும், நான் ஏறவே இல்லை. இரண்டு தடவையும் காற்று அதிகம் என்று விடியற்காலையில் ரத்து செய்துவிட்டார்கள்.

கும்பகோணத்திலிருந்து: அக்கா, எங்களுக்கு மலை ஏறிப் பழக்கமே கிடையாது. சுவாமிமலையில் 60 படி ஏறினாலே மாமியாருக்கு மூச்சு வாங்கும். நடந்துவிட முடியுமா?

நம்ம ஊரில் மலை என்று பெயர் இருப்பதே கட்டுமலைதான், அதனால் இந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் இது மலை ஏற்றம் இல்லை. பள்ளத்தாக்குக்குள் இறங்கி, அதன் அடியிலேயே வளைந்து வளைந்து நடந்து, கடைசியில் கொஞ்சம் ஏறி வெளியே வருவது. கைடுகள் கூட்டிப்போகும் வழியைப் பொறுத்து 4 முதல் 8 கிலோமீட்டர் வரும். நின்று நின்று போனால் இரண்டரை, மூன்று மணி நேரம். பக்கத்தில் இருக்கும் கோரெமே ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர், ஊட்டியில் பாதி உயரம்தான்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. பாறை உதிர்ந்து பொடிக்கல்லாகப் பாதை முழுக்கக் கிடக்கும். காய்ந்த காவிரி மணலை அப்படியே சரிவாக நிமிர்த்தி வைத்து அதில் இறங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அடிப்பக்கம் வெட்டுள்ள ஷூ வேண்டும். எங்க அம்மா புது கேன்வாஸ் ஷூவோடு 2 இடத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். புடவை வேண்டாம், சுடிதார் போதும். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் முழு நடை வேண்டாம். சிவப்புப் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் சூரிய அஸ்தமனம் பார்க்கும் இடம் வரை வண்டியே போகும். அங்கே அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் கீழேயிருந்து நடந்து போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

மன்னார்குடியிலிருந்து: சூரியன் மறைவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே. அதற்கு ஒரு கைடு, அவருக்குக் காசு, எதற்கு?

சூரியனுக்குக் கைடு வேண்டாம், சரிதான். கைடுக்குக் காசு கொடுப்பது, வழியில் பாறைக்குள் குடைந்திருக்கும் பழைய தேவாலயங்களைக் காட்டுவதற்கு. முதல் தடவை நானும் உங்களை மாதிரியே பேசிவிட்டுப் போனேன். மொபைலில் வரைபடம் இருக்கிறது, பாதையில் அம்புக்குறி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். நடந்தோம், படம் எடுத்தோம், திரும்பினோம். மறுமுறை கைடோடு போனபோது ஓர் இடத்தில் அவர் நின்று, பாறையில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இருந்த ஓர் இருட்டு ஓட்டையைக் காட்டினார். உள்ளே போய் நிமிர்ந்தால், பெரிய பெரிய தூண்களோடு முழுத் தேவாலயம்! வெள்ளைப் பாறையைக் குடைந்து தூண், வளைவு, விதானம் எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். ஒரு கல்லைக்கூட வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்கவில்லை. தூண் தேவாலயம் என்ற பொருளில் கொலோன்லு கிலிசே என்கிறார்கள். போன தடவை இதே ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். என் மொபைலில் படம்கூட இருக்கிறது.

இன்னொன்று, நேரக் கணக்கு. அஸ்தமனத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள், ஆனால் தேவாலயங்களைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். கதவு வழியாக வெயில் சாய்ந்து உள்ளே விழும் நேரம் கொஞ்சம்தான். நல்ல கைடு முதல் ஒன்றரை மணி நேரத்தில் தேவாலயங்களை முடித்துவிட்டு, கடைசி அரைமணிக்கு மேல்விளிம்புக்குக் கொண்டுபோய் விடுவார். மோசமான கைடு நேராக மேலே கூட்டிப்போய்க் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். பதிவு செய்யும்போதே "எந்தெந்தத் தேவாலயத்துக்குள் போவோம்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரை விட்டுவிடுங்கள்.

வேளாங்கண்ணியிலிருந்து: வேதாகமத்தில் கப்பத்தோக்கியா என்று வருகிறதே, அதே இடமா? அங்கே இப்போது பூசை உண்டா?

அதேதான். அப்போஸ்தலர் நடபடிகளிலும் பேதுருவின் முதல் நிருபத்திலும் வரும் கப்பத்தோக்கியா இந்தப் பகுதிதான். 4-ம் நூற்றாண்டில் இங்கே பக்கத்தில் செசரியாவில் (இன்றைய கைசேரி நகரம்) ஆயராக இருந்தவர் புனித பசிலியார். அவர் தம்பி நிசாவின் கிரகோரியாரும் நண்பர் நசியான்சின் கிரகோரியாரும் இந்த மண்ணின் ஆட்களே. துறவிகள் சேர்ந்து வாழ்வதற்குப் பசிலியார் வகுத்த ஒழுங்குகளைத்தான் கிழக்குத் திருச்சபைத் துறவிகள் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

நடக்கும்போது நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை, 9-லிருந்து 11-ம் நூற்றாண்டு வரை குடைந்தவை. ரோஜாப் பள்ளத்தாக்கின் ஒரு தேவாலய ஓவியங்களுக்கு 913-லிருந்து 920-க்குள் என்று காலமே சொல்ல முடிகிறது. நம்ம பக்கம் அது முதலாம் பராந்தகச் சோழன் ஆண்ட சமயம்.

எனக்குப் பிடித்தது ஹாச்லி கிலிசே, சிலுவைத் தேவாலயம். உள்ளே போனதும் எதிரே பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்க ஒரே பெரிய சிலுவை, பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கியது. அப்புறம் கிழக்குப் பக்க வளைவில் கிறிஸ்து அரியணையில் அமர்ந்திருக்கும் ஓவியம். கைக்கு எட்டுகிற உயரத்தில் பல முகங்களில் கண்ணைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். எட்டாத உயரத்தில் இருப்பவை தப்பித்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

பூசை வழக்கமாக நடப்பதில்லை. 1923-ல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அங்கே வாழ்ந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் மாற்றப்பட்டார்கள். கும்பிட ஆள் இல்லாமல் போனது அப்படித்தான். நீங்கள் உள்ளே நின்று மௌனமாக ஜெபித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றாதீர்கள், புகை ஓவியத்தைக் கெடுக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: ஓவியம் படிக்கிறேன். பெரிய கோயில் ஓவியங்களோடு ஒப்பிடலாமா?

நன்றாகவே ஒப்பிடலாம். பெரிய கோயில் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார் இல்லையா? அங்கேயும் அதே கதைதான். கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் எல்மாலி கிலிசே என்ற தேவாலயத்தில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில், அடியில் வெறும் பாறைமேல் காவியால் போட்ட சிலுவைகளும் கட்டங்களும் தெரியும். அந்தக் காவிக் கோடெல்லாம் உருவ வழிபாட்டைத் தடை செய்திருந்த 8, 9-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று கைடுகள் அடித்துச் சொல்வார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்திலேயே புனித பார்பரா தேவாலயத்திலும் அதே காவிக் கோலங்கள் உண்டு, அது 11-ம் நூற்றாண்டு.

ஓவியத்துக்காகவே போகிறீர்கள் என்றால் மாலை நடை மட்டும் போதாது. காலையில் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே கரன்லிக் கிலிசே, அதாவது இருட்டுத் தேவாலயத்துக்குத் தனி டிக்கெட். யோசிக்காமல் வாங்குங்கள். சின்ன ஜன்னல் ஒன்றுதான், வெளிச்சம் அதிகம் படாததால் வண்ணம் நேற்றுப் பூசியது மாதிரி நிற்கிறது. படம் எடுக்க விடமாட்டார்கள், நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள்.

பாபநாசத்திலிருந்து: படத்தில் பாறை முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள் இருக்கின்றனவே, அது என்னம்மா?

ஐயா, எங்க அப்பாவுக்கு அந்த நடையிலேயே பிடித்தது அதுதான். புறாக்கூடு. பாறைக்குள் அறை குடைந்து, முகப்பில் புறா நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டு, சுற்றிலும் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். வெள்ளையைப் பார்த்துப் புறா வரும். எச்சத்தை வழித்தெடுத்துத் திராட்சைக்கும் பழமரங்களுக்கும் எருவாகப் போடுவார்கள். அந்த மண் எரிமலைச் சாம்பல், தன்னால் பெரிதாக எதையும் விளைவிக்காது. அப்பா ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார், மாவு மாதிரி உதிர்ந்தது. "இதுல என்னத்த வெளையும்?" என்றார். நாலு எட்டு தள்ளித் திராட்சைக் கொடியும் ஆப்ரிகாட் மரமும் நின்றன. கைடிடம் மூட்டைக் கணக்கு, எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் அள்ளுவார்கள் என்று என்னை மொழிபெயர்க்க வைத்து அரைமணி கேட்டார். அஸ்தமனம் தவறிவிடப் போகிறதே என்று எனக்கு ஒரே பதற்றம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆள் இல்லாத தேவாலயங்கள் சிலவற்றையும் வாசலை அடைத்துப் புறாக்கூடாக்கிவிட்டார்கள். மேலே சொன்ன இருட்டுத் தேவாலயமும் 1950-கள் வரை அப்படித்தான் இருந்தது. எச்சத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யவே பல வருஷம் ஆனது. ஆனால் மனுஷன் கை படாமல் ஓவியத்தைக் காப்பாற்றியதும் அந்தப் புறாக்கள்தான்.

திருவாரூரிலிருந்து: பாறை ஏன் ரோஸ் நிறத்தில் இருக்கிறது? படத்தில் வண்ணம் ஏற்றியிருக்கிறீர்களா?

ஏற்றவில்லை! அந்தப் பகுதி எரிமலைகள் பல பத்து லட்சம் வருஷங்களுக்கு முன் கக்கிய சாம்பல் இறுகிக் கல்லானது. அதில் இரும்புச் சத்து உள்ள அடுக்குகள் துருப்பிடித்துச் சிவந்திருக்கின்றன, நடுநடுவே வெள்ளை, மஞ்சள். பகலில் பார்த்தால் வெளிறித்தான் இருக்கும். சூரியன் தாழ்ந்ததும்தான் நிறம் ஏறுகிறது. அஸ்தமனத்துக்கு முந்தைய 20 நிமிஷம் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பாறையைப் பாருங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: எந்த மாதம், எத்தனை மணிக்கு?

மே, செப்டம்பர், அக்டோபர். ஜூலை ஆகஸ்டில் வெயில் காயும், டிசம்பர் ஜனவரியில் பனி கொட்டும், பாதை வழுக்கும். நம்ம ஊரில் வருஷம் முழுக்க ஆறு, ஆறரை மணிக்குள் விளக்கு வைத்துவிடுகிறோம். அங்கே ஜூனில் 8 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், அக்டோபர் நடுவில் 6 மணி, டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே. அதற்கு மூன்று மணி நேரம் முன்னால் கிளம்பணும். மறைந்த அடுத்த கால்மணியில் குளிர் இறங்கிவிடும், மே மாதத்தில்கூட ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்தே இன்னொருவர்: சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

மெர்ஜிமெக் சோர்பா என்ற பருப்பு சூப் எங்கேயும் கிடைக்கும். இறைச்சி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீரையோ உருளைக்கிழங்கோ சீஸோ வைத்து மடித்துச் சுடும் கோஸ்லெமே நம்ம ஸ்டஃப்டு சப்பாத்திதான். அயரான் என்பது உப்பு மோர், கொத்தமல்லிதான் இல்லை. நடை வழியில் தேவாலயங்களுக்குப் பக்கத்தில் சின்னச் சாயாக்கடைகள் உண்டு, ஆரஞ்சு, மாதுளைச் சாறும் பிழிந்து தருவார்கள். டிகிரி காபியை மறந்துவிடுங்கள். இன்ஸ்டன்ட் பாக்கெட் எடுத்துப்போங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: நாங்கள் 3 பெண்கள் மட்டும். இருட்டிய பிறகு திரும்புவது பாதுகாப்பா?

ஆட்களால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. வழிதான் தொந்தரவு. முதல் தடவை அஸ்தமனம் பார்த்துவிட்டு வந்த வழியே கீழே இறங்கினோம். பள்ளத்தாக்குக்குள் இருட்டு முதலில் வந்துவிடும், மேலே வானம் வெளிச்சமாக இருக்கும்போதே கீழே கால் தெரியாது. இரண்டு கிளைப்பாதையில் தவறான பக்கம் போய், ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் முட்டி நின்றோம். மூன்று பேரில் ஒருத்தி மொபைலில் 4 சதவீதம் சார்ஜ். எங்கிருந்தோ கூடவே வந்த ஒரு தெரு நாய் முன்னால் போக, அதன் பின்னால் போய்த்தான் சாவுஷின் ஊர் விளக்கைப் பார்த்தோம். ஆகவே இருட்டில் நடந்து திரும்பாதீர்கள். மேல்விளிம்பிலிருந்து வண்டியில் திரும்பும்படி முன்னாலேயே பேசி வையுங்கள். ஆளுக்கொரு டார்ச்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: அவ்வளவு தூரம் முடியாது அக்கா. நம்ம பக்கத்திலேயே இந்த மாதிரி மாலை நடை ஏதாவது?

தரங்கம்பாடி போங்கள். பள்ளத்தாக்கு கிடையாது, ஆனால் பழைய தேவாலயமும் மாலை வெளிச்சமும் உண்டு. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, 1718-ல் கட்டி முடித்த புது எருசலேம் தேவாலயம் (மிஷனரி சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டது இங்கேதான்), கடலோரம் மாசிலாமணி நாதர் கோயில், எல்லாமே ஒரு நடைக்குள். கடலில் சூரியன் இறங்கும் என்று மட்டும் நினைத்துப் போய் நிற்காதீர்கள், நம்ம கடல் கிழக்கே. கோட்டையையும் கடற்கரையையும் முதலில் முடித்துவிட்டு ராஜா வீதி வழியாக மேற்கே, ஊர் வாசல் பக்கம் திரும்பி நடங்கள். ஐந்தே முக்காலுக்கு அந்த வாசல் வளைவு வழியாக வெயில் வீதிக்குள் நீளமாக வந்து விழும். தேவாலயச் சுவர் அந்த நேரத்தில் மஞ்சள் பூசினாற்போல இருக்கும்.