இன்டர்வியூவில் தோற்றால் அது தேவ சித்தமா?

கேள்வி

அன்புள்ள ஆலோசகர் அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 24 வயது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். தாத்தா பாட்டி சிலோனிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அப்புறம் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் எல்லாருடைய கண்ணும் என்மேல்தான். பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) படித்திருக்கிறேன், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரியும். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதால் கொஞ்ச காலம் வீட்டைப் பார்த்துக்கொண்டேன், லைன் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தேன். சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் விளைபொருள்களை ஏலம் விடுகிற கணக்கும் சில வருஷமாக நான்தான் எழுதுகிறேன்.

போன இன்டர்வியூ எதுவும் அமையவில்லை. குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் இரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வருஷமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "தேவ சித்தத்துக்குக் காத்திருந்தேன்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவீர்களா என்றதும் "முடியாது" என்றேன், அத்தோடு முடிந்தது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வாய் உலர்ந்துபோய் டெபிட், கிரெடிட் கூடக் குழம்பிவிட்டது.

ரெஸ்யூமேயின் மேலே பிலிப்பியர் 4:13 வசனத்தைப் போட்டிருக்கிறேன். எடுத்துவிடு என்கிறான் தம்பி. எடுத்தால் கர்த்தரை மறுதலித்ததாகாதா?

ஆராதனை முடிந்ததும் ஆன்ட்டிமார் சூழ்ந்துகொள்கிறார்கள். "தேவன் கதவை அடைக்கிறார்னா காரணம் இருக்கும், இன்னும் ஜெபம் பண்ணும்மா" என்கிறார்கள். இப்போதெல்லாம் ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடுகிறேன். ராத்திரி தூக்கமில்லை. ஏதோ பாவம் செய்திருக்கிறேனோ என்று தோன்றுகிறது.

பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுத ஆள் கேட்கிறார்கள். சம்பளம் குறைவு. அதில் சேர்ந்தால் தேவன் எனக்கென்று வைத்திருக்கும் நல்ல வேலை கைவிட்டுப் போய்விடுமோ?

பெயர் வேண்டாம், கோத்தகிரி


பதில்

அன்புள்ள தங்கைக்கு,

பாவம் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்களை வேண்டாம் என்றவர் ஒரு மேனேஜர். ஒரே இடம், வந்தவர்கள் பலர், மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாரையும் பார்த்து முடிக்க வேண்டும். சில இடங்களில் ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, பெயருக்கு இன்டர்வியூ நடத்துவதும் உண்டு. அந்த மனிதர் சொன்ன "பிறகு தெரிவிக்கிறோம்" என்பதைத் தீர்க்கதரிசனமாக மாற்றியது யார்? ஆன்ட்டிமாரும் நீங்களும்தான்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை என்பது "தேவன் என்னைத் தள்ளிவிட்டார்" என்று ஆகிறது. அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது வேலைக்கான தேர்வோடு உங்கள் விசுவாசத்துக்கான தேர்வும் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவு பாரத்தோடு உட்கார்ந்தால் யாருக்கும் வாய் உலரும். டெபிட், கிரெடிட் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. பயம் ஏறி நின்றபோது தெரிந்தது எட்டவில்லை.

நெகேமியா இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, இன்டர்வியூவுக்குப் போகிறவராக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எருசலேமைத் திரும்பக் கட்டப் போக ராஜாவிடம் அனுமதி கேட்க வேண்டியவர் நெகேமியா. ராஜா கேள்வி கேட்டதும் அவர் மிகவும் பயந்தார் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பயந்தது அவிசுவாசம் என்று யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பதில் சொல்லும் முன் ஒரு சின்ன ஜெபம், நின்ற இடத்திலேயே. அதன் பிறகு பேசியதெல்லாம் விவரம்: எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வாசல்களுக்கு மரம் கொடுக்க ராஜாவின் வனக்காவலனான ஆசாப்புக்கு என்ன எழுத வேண்டும். நாட்கணக்கில் உபவாசித்து ஜெபித்தவர்தான், ஆனாலும் ராஜாவிடம் தன் ஜெப வாழ்க்கையைப் பற்றிச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னார்.

அந்த ரிசார்ட்டில் நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாவின் ஆபரேஷன், வீட்டுப் பொறுப்பு, ட்யூஷன், இவை மூன்றும் அந்த இரண்டு வருஷத்தில் உண்மையாக நடந்தவை. அதைச் சொல்லியிருந்தால் போதும். காத்திருந்தேன் என்றால், சும்மா இருந்தேன் என்றுதான் அவர்கள் காதில் விழும்.

வசனத்தை எடுத்துவிடுங்கள், தம்பி சொல்வது சரி. நீ அவரோடிருந்தவன்தானே என்று கேட்டபோது இல்லை என்றாரே பேதுரு, அதுதான் மறுதலிப்பு. ரெஸ்யூமே என்பது இந்த வேலையை இவர் செய்வாரா என்ற ஒரே கேள்விக்கான தாள். மதம், அப்பா பெயர், உயரம் எல்லாம் அதில் தேவையில்லை. மிஷன் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ விண்ணப்பித்தால் சபை விவரமும் ஆயர் கடிதமும் கேட்கலாம், அங்கே கொடுங்கள்.

அந்த இடத்தில் போட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அறுப்பின் பண்டிகைக் கணக்கை உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள், எனக்குப் பொறுக்கவில்லை. பூசணிக்காய் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குப் போகும், எடுத்தவர் "அடுத்த மாதம் தருகிறேன்" என்று புன்னகையோடு போய்விடுவார், அவரிடம் மனஸ்தாபம் இல்லாமல் வசூலிக்க வேண்டும், ரசீது போட வேண்டும், கமிட்டியில் கணக்கு ஒப்பிக்க வேண்டும். கம்பெனிகளில் நிலுவை வசூல் என்று இதற்குத் தனி ஆளே வைத்திருக்கிறார்கள். "சபை நிகழ்ச்சிக்கான வரவு செலவு, நிலுவை வசூல், கமிட்டிக்குக் கணக்கு அறிக்கை" என்று எழுதுங்கள். எந்த வருஷம், எத்தனை பேரிடம் வசூல் என்பதும் இருக்கட்டும். கமிட்டிப் பொருளாளரிடம் கேட்டுக்கொண்டு, விசாரிக்கத் தகுந்தவர் என்று அவர் பெயரைக் கொடுக்கலாம்.

ஞாயிறு விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். நம் மலையில் ரிசார்ட்டுக்குக் காசு வருவதே சனி, ஞாயிறிலும் ஏப்ரல், மே சீசனிலும்தான். எல்லா ஞாயிறும் முடியாது என்றால் அவர்களுக்கு நீங்கள் சரிப்பட மாட்டீர்கள், அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆராதனையை விடவே முடியாது என்பது உங்கள் மனச்சாட்சி என்றால் அப்படிப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். மாற்றிக்கொள்ள இடமிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "காலை ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு வந்துவிடுவேன், தேவைப்பட்டால் இரவு வரை இருக்கிறேன்." மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ்களும் ஞாயிறு ட்யூட்டி பார்க்கிறவர்கள்தான். எது பாவம், எது இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அதை ஆயரிடம் பேசுங்கள். ஆனால் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

கோயம்புத்தூரில் இன்டர்வியூ என்றால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் வளைவுகளைக் காலை வெறும் வயிற்றோடு கடந்து, குமட்டலோடு ஒருவர் முன் உட்கார்ந்தால் மூளை எப்படி ஓடும்? கேள்விகளுக்கான பதிலை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தம்பியையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. பதில் மறந்துபோனால் "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று கேட்பது தப்பில்லை. அந்த நேரத்தில் மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள்.

ஆன்ட்டிமாருக்கு ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "தேடிக்கிட்டு இருக்கேன் ஆன்ட்டி, அக்கவுண்ட்ஸ் வேலை எங்கேயாவது இருந்தா சொல்லுங்க." பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். ஒருவராவது நிஜமாகவே யாரிடமாவது விசாரித்துச் சொல்வார். ஆசீர்வாதத்துக்கு இருந்துவிட்டே வாருங்கள், அது உங்களுக்கும் உரியதுதானே?

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தாலோ கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனாஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஜெபத்தோடு சேர்த்தே இதைச் செய்யலாம்.

தேயிலை ஃபேக்டரிக்குப் போங்கள். சின்ன வேலையில் சேர்ந்ததற்காகப் பெரிய வேலையைத் தேவன் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்று எங்கேயும் எழுதியில்லை. இலை வரவு, விவசாயிகளுக்குப் பட்டுவாடா, ஜி.எஸ்.டி. என்று ஒரு வருஷம் பார்த்தால் அடுத்த இன்டர்வியூவில் பேச உங்களிடம் நிறைய இருக்கும். வேலை தேடுவதையும் நிறுத்த வேண்டாம். சேரும் முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: பி.எஃப். பிடிப்பார்களா, டேலியில் நீங்களே பதிவு போடுவீர்களா, வார விடுமுறை எந்த நாள். பறித்த இலை ஞாயிறு என்று காத்திருக்காது, வரத்து அதிகமான மாதங்களில் ஃபேக்டரி அன்றைக்கும் ஓடும். அதனால் மூன்றாவது கேள்வியை முதலிலேயே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா