கேள்வி–பதில்: பிந்தி வந்த விண்வெளி நிலையம்

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையம், செயலி காட்டிய நேரத்துக்கு அரை நிமிடம் பிந்தித்தான் தெரிந்தது. ஏன்? – வாசகர், பரந்தன்

பதில்: முதலில் கைத்தொலைபேசியின் நேரத்தைச் சரிபாருங்கள். அது சரியென்றால், செயலியிலுள்ள சுற்றுப்பாதைத் தரவு பழையதாயிருக்கும். இடையில் எஞ்சினை இயக்கி நிலையத்தை உயர்த்தியிருப்பார்கள். 1 கி.மீ. உயர்ந்தாலே ஒரு சுற்றுக்குச் சுமார் 1.2 செக்கன் கூடும். நாளுக்கு ஏறத்தாழ 15.5 சுற்று, ஆக 19 செக்கன் பிந்தும். காற்று உராய்வால் இறங்கினால் மறுவளம், முந்திவிடும். (பலர் குழம்புவது இங்கேதான்.) செய்மதிகளின் சுற்றுப்பாதைத் தரவை வெளியிடும் செலஸ்ட்ராக் (CelesTrak) இணையத்தளத்தில் புதிய இருவரித் தரவை (TLE, சுற்றுப்பாதையை இரண்டு வரி எண்களில் தருவது) எடுத்து நேரத்தைக் கணியுங்கள்.

நீங்களே அளக்கவும் முடியும். இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களை இணைக்கும் கோட்டை நிலையம் வெட்டும் கணத்தில் நிறுத்தற்கடிகாரத்தை அழுத்துங்கள். அடிவானத்தருகே வேண்டாம், அங்கே அது மெதுவாக நகர்வதுபோலத் தெரியும், கணம் பிடிபடாது. இரணைமடு அணைக்கட்டுப் பக்கம் வானம் நன்கு திறந்திருக்கும்.