வாசகர் கேள்வி பதில்: பழைய நகரம் பாக்கப் போறம், எந்த ஸ்டேசனில இறங்கிறது?

கேள்வி: அடுத்த மாசம் கிளிநொச்சியில இருந்து கோச்சியில அனுராதபுரம் போகப்போறம். அம்மாவுக்கு 70 வயசு, முழங்கால் வருத்தம். மகள் ஓ/எல், வரலாறு பாடத்துக்கு இடிபாடெல்லாம் நேரில பாக்கவேணும் எண்டு நிக்கிறாள், அப்பிடியே மிஹிந்தலையும் போகவேணுமாம். ஸ்டேசன் பேரைப் பாத்தா அனுராதபுரம் எண்டு ஒண்டு, அனுராதபுரம் புதிய நகரம் எண்டு ஒண்டு, மிஹிந்தலை சந்தி எண்டும் ஒண்டு இருக்கு. எதில இறங்கிறது எண்டு சொல்லுவியளோ?
ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, இறங்கவேண்டியது அனுராதபுரம் எண்டு மட்டும் போட்டிருக்கிற ஸ்டேசனில, பெரிய ஸ்டேசன் அதுதான். வடக்கில இருந்து போற உங்களுக்கு மதவாச்சி தாண்டி முதல்ல மிஹிந்தலை சந்தி வரும், பிறகு அனுராதபுரம், அதுக்குப் பிறகுதான் தெற்குப் பக்கமா புதிய நகரம். கொழும்பில இருந்து வாற ஆக்களுக்கு இது தலைகீழா வரும், அதால அவையளிட்ட வழி கேட்டிட்டுப் போய் குழம்பாதேங்கோ. பலகையில தமிழிலயும் பேர் இருக்கும், மிஹிந்தலை சந்தி தாண்டினவுடனயே சாமானை எல்லாம் கையில எடுத்து அம்மாவை எழுப்பி வைச்சிருங்கோ, ஏனெண்டா வயசான ஆக்கள் உயரமான படியால இறங்கிறதுக்கு கொஞ்சம் நேரம் வேணும், கோச்சி அதுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது.

மிஹிந்தலை சந்தி எண்ட பேரைப் பாத்து அங்க இறங்கிப்போடாதேங்கோ, இதை நான் வற்புறுத்தியே சொல்லுறன். அது மலையடி இல்லை. மெயின் லைனில இருந்து மிஹிந்தலைக்குப் பிரியிற கிளைப் பாதை தொடங்கிற இடம், அவ்வளவுதான். அந்தக் கிளைப் பாதை 1993இல போட்டது, பௌத்தர்களின்ர பொசன் பண்டிகை நாளில விசேஷ கோச்சி ஓடுற பாதை எண்டுதான் ஆக்களுக்குத் தெரியும். மலை இருக்கிறது அனுராதபுரத்தில இருந்து கிழக்கா ஒரு 13 கிலோமீற்றர். எங்கட பக்கத்து ஆக்களுக்கு இதில ஒரு வசதி இருக்கு, ஏ9 றோட்டே மிஹிந்தலையாலதான் போகுது, அதால மிஹிந்தலைக்கு மட்டும் எண்டா கோச்சியை விட்டுட்டு கண்டி பஸ்ஸில ஏறி அங்கயே இறங்கலாம், ஏறமுதல் மிஹிந்தலையாலதானே போறீங்கள் எண்டு கொண்டக்டரிட்ட கேட்டிடுங்கோ, சில பஸ் அனுராதபுரம் டவுனுக்குள்ளால சுத்திப் போகும். ரெண்டையும் ஒரே பயணத்தில பாக்கிறதெண்டா ஒரு இரவு தங்குங்கோ. மிஹிந்தலையில 1840 படி எண்டு சொல்லுவினம், ஆனா வாகனம் பாதி உயரம் வரைக்கும் போற பழைய றோட்டு ஒண்டு இருக்கு, அம்மாவை அதால கூட்டிக்கொண்டு போங்கோ. அதுக்கு மேலயும் படி இருக்கு, அவவால ஏலாட்டி கீழ நிழலில இருத்திப்போட்டு நீங்களும் மகளும் ஏறுங்கோ.

இனி அனுராதபுரத்துக்கு வருவம். ஸ்டேசனில இறங்கினவுடன இடிபாடு கண்ணுக்குத் தெரியும் எண்டு நினைக்காதேங்கோ. பழைய நகரம் மேற்குப் பக்கமா பல கிலோமீற்றருக்கு விரிஞ்சு கிடக்கு, தெற்கில இசுருமுனிய, நடுவில ஸ்ரீ மகா போதியும் ருவன்வெலிசாயவும், கிழக்கால ஜேதவனராமய, வடக்கில அபயகிரி. நடந்து முடிக்கலாம் எண்ட கதையே இல்லை, அதுவும் அம்மாவோட. ஸ்டேசன் வாசலிலயே ஒரு ஓட்டோவை அரை நாளைக்கு எண்டு பேசுங்கோ, எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், காத்து நிக்கிற காசு எல்லாம் ஏறமுதலே பேசி முடிச்சிடுங்கோ. முதல்ல அபயகிரிக்குப் போங்கோ, வெயில் ஏறமுதல். தாதுகோபுர முற்றத்தில செருப்பும் தொப்பியும் கழட்டோணும், பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் கல்லில வெறுங்காலோட நிக்கேலாது, உள்ளங்கால் பொரியும், சின்னப் பிள்ளையள் துள்ளித் துள்ளி ஓடுறதைப் பாப்பியள். அம்மாவுக்கு ஒரு சோடி தடிச்ச காலுறை கொண்டு போங்கோ.

மகளுக்கு ஒண்டு சொல்லுங்கோ. அபயகிரிப் பக்கத்தில ஒரு கல்வெட்டு இருக்கு, தமிழ்க் குடும்பத் தலைவர்கள் கூடி இருந்த மேடை அது எண்டு பிராமி எழுத்தில வெட்டியிருக்கு, ஆர் ஆருக்கு எந்த இருக்கை எண்டு ஆசனத்துக்குப் பேரே போட்டிருக்கு, அதில ஒராள் கப்பல்காரன். தொல்லியல் அறிஞர் பரணவிதான அதை 1940இல பதிப்பிச்சார். பஸ்ஸில வந்து இறங்கிற கூட்டம் அந்தப் பக்கம் போறதே இல்லை. எங்கட பிள்ளையள் கட்டாயம் பாக்கவேண்டிய கல் அது, ஓட்டோக்காரருக்கு இடம் தெரியாட்டி அபயகிரி மியூசியத்தில விசாரியுங்கோ. வெளிநாட்டு பாஸ்போட்டோட உங்களோட ஆரும் வந்தா அவைக்கு டொலரில டிக்கெட் இருக்கு, எங்களுக்கு அப்பிடி இல்லை, ஐடென்டி காட்டை மறக்காம கொண்டு போங்கோ.

கேள்வி: ஏ/எல் பிள்ளையளை மாந்தை துறைமுகம் இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறன். செட்டிகுளத்தில இருந்து ரயில் இருக்கு. புத்தகத்தில மாதோட்டம் எண்டு இருக்கு, லைனிலயும் மாதோட்டம் எண்டு ஒரு ஸ்டேசன் இருக்கு. அங்க இறங்கினா சரிதானே?
ஒரு ஆசிரியர், செட்டிகுளம்

பதில்: இல்லை சேர், ஒரு ஸ்டேசன் தள்ளி இறங்குங்கோ. உங்கட பக்கத்தில இருந்து போனா மடு றோட், முருங்கன், மாதோட்டம், திருக்கேதீஸ்வரம், மன்னார் எண்டு வரும். பழைய துறைமுக நகரத்தின்ர மேடு கிடக்கிறது திருக்கேதீஸ்வரம் கோயிலைச் சுத்தி, அதால திருக்கேதீஸ்வரம் ஸ்டேசன்தான் கிட்ட. மாதோட்டம் எண்டது முந்தி அந்தப் பகுதி முழுக்கவுக்கும் இருந்த பேர், ஸ்டேசனுக்கு அந்தப் பேரை வைச்சதால அகழ்வு நடந்த இடம் அதுக்குப் பக்கத்தில எண்டு ஆகாது. மடு றோட்டும் அப்பிடித்தான், மடு மாதா கோயிலுக்கு எண்டு அதில இறங்கிற ஆக்கள் பிறகு பத்துக் கிலோமீற்றருக்கு மேல வாகனத்தில போகவேணும்.

மாதோட்டம், திருக்கேதீஸ்வரம் ரெண்டுமே சின்ன ஸ்டேசன், எல்லாக் கோச்சியும் நிக்கும் எண்டு நம்பி முப்பது பிள்ளையளை ஏத்தாதேங்கோ. முதல் நாளே செட்டிகுளம் ஸ்டேசன் மாஸ்டரிட்ட நேரில போய், போகேக்க எது நிக்கும், திரும்பி வரேக்க எது நிக்கும் எண்டு ரெண்டையும் கேளுங்கோ. திரும்பிற கோச்சி சரிவராட்டி மன்னார் பஸ்தான் நல்லது, கோயிலுக்குத் திரும்பிற சந்தியில ஏறி இறங்கலாம்.

பிள்ளையளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, அங்க பெரிய கட்டடம் ஒண்டும் நிக்காது, கோயில் தீர்த்தமான பாலாவிப் பக்கம் புல்லும் மேடும்தான். ஆனா அந்த மண்ணுக்குள்ள சீனத்துப் பீங்கான் இருந்திருக்கு, மேற்காசியப் பாத்திரம் இருந்திருக்கு. 1980களின்ர தொடக்கத்தில ஜோன் கார்ஸ்வெல் எண்டவர் தோண்டினவர், 1984இல சண்டையால நிண்டது, பிறகு 2009, 2010இல திருப்பித் தோண்டேக்க மிளகும் ஒரேயொரு கராம்பும் கிடைச்சிருக்கு, கருகிப்போன கராம்பு, ஆயிரம் வருசம் அளவு பழசு. கராம்பு அந்தக் காலத்தில இந்தோனேசியாப் பக்கத் தீவுகளில மட்டும் விளைஞ்சது, அங்க இருந்து கடல் கடந்து எங்கட மன்னார்க் கரைக்கு வந்திருக்கு. கையில ஒரு கராம்பைக் குடுத்து அந்த மேட்டில நிண்டு இதைச் சொல்லுங்கோ சேர், பிள்ளையள் மறக்காதுகள்.

கேள்வி: மகன் இத்தாலியில பலெர்மோவில இருக்கிறான். தங்கச்சியையும் மருமகனையும் எரிமலையால புதைஞ்ச பழைய நகரம் பொம்பெய் காட்டப் போறானாம். அங்கயும் பொம்பெய் எண்டு மூண்டு ஸ்டேசன் இருக்கு, எது எண்டு தெரியேல்லை எண்டு போனில சொன்னவன்.
ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, மகனுக்கு இதை அப்பிடியே வாட்ஸ்அப்பில அனுப்புங்கோ. பலெர்மோவில இருந்து இரவுக் கப்பலில நாப்போலி வந்தா, கரிபால்டி ஸ்டேசனில சிர்க்கும்வெசுவியானா எண்ட சின்ன ரயிலுக்குப் போகவேணும், அதில சொரெந்தோ போறதில ஏறி பொம்பெய் ஸ்காவி எண்ட ஸ்டேசனில இறங்கவேணும். இறங்கி வெளியில வந்தா போர்த்தா மரீனா வாசல் பக்கத்திலயே இருக்கு. அதே கொம்பனியின்ர பொஜ்ஜோமரீனோ லைன் ரயில் பொம்பெய் சந்துவாரியோ எண்ட இடத்துக்குப் போகும், அது புது ஊரில மாதா கோயில் பக்கம், அங்க இருந்தும் நடந்து கிழக்குப் பக்க வாசலால, பழைய அரங்குக்குக் கிட்டவா உள்ள போகலாம், ஆனா முதல் தரம் போறவைக்கு ஸ்காவிதான் லேசு. வெறும் பொம்பெய் எண்டு இருக்கிறது அரசாங்க ரயிலின்ர ஸ்டேசன், அதுவும் புது ஊருக்குள்ள.

2024 நவம்பரில இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல உள்ள விடுறதில்லை, டிக்கெட்டிலயும் ஆளின்ர பேர் இருக்கும். அதால முன்கூட்டியே ஒன்லைனில எடுக்கச் சொல்லுங்கோ, பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே பேர் அடிக்கவேணும், எங்கட ஆக்களின்ர நீளப் பேரில அப்பா பேர் முன்னுக்கும் பின்னுக்குமா மாறிப்போகும், வாசலில நிண்டு அதை விளங்கப்படுத்திறது பெரிய கரைச்சல்.