பேஸ் மாற்றக் கொடுத்த சிப்பாய்கள்: வாய் திறக்காவிட்டால் விற்றுவிடுவார்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து சேர்த்த வார்ஹாமர் (மேசை மேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு) பிளாஸ்டிக் காலாட்படை, 120 பொம்மைகள். 2024இல் அதன் 'தி ஓல்ட் வேர்ல்ட்' ஆட்டம் வந்தபின் மனிதச் சிப்பாய்களின் சதுர பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) 20 மி.மீ.யிலிருந்து 25 ஆகிவிட்டதால், இந்தப் பொம்மைகளுக்குக் காசுக்கு வேலை செய்யும் ஒரு பெயிண்டரிடம் மாற்றக் கொடுத்தேன். ஒன்றுக்கு 2 பவுண்டு, பாதி முன்பணம். 17 பொம்மைகளைக் கணுக்காலில் முறித்துவிட்டு, என் பெயிண்டிங்கையும் நண்பர்கள் முன் கிண்டலடித்தார். மீதி 120 பவுண்டு வைத்தால்தான் பொம்மை என்கிறார். வெறுத்துப்போய் அவரை பிளாக் செய்துவிட்டேன். இப்போது, மூன்று மாதத்தில் பணம் கட்டி எடுக்காவிட்டால் விற்றுவிடுவதாகப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: மீதிப் பணத்தைத் தர மறுக்கிறேன், காரணம் இது என்று அவருக்கு எழுத்தில் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. கிண்டலுக்கு நஷ்டஈடு கிடையாது. பள்ளிக்கால நினைவுக்கும் கிடையாது.

பொருளில் வேலை செய்தவர் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாம். வேலை மோசம் என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று பெட்டியைப் பிடுங்க முடியாது. விற்கும் மிரட்டலும் வெறும் மிரட்டல் அல்ல. பிறர் பொருளில் தலையிடுவது பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் (Torts (Interference with Goods) Act) 12ஆம் பிரிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு வழி விடுகிறது. கூலி பாக்கி இருந்தால் மூன்று மாத அவகாசம், பதிவுத் தபால். உங்கள் ஆள் யாரிடமோ கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்தார்கள். ரோஷத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவகாசம் முடிந்ததும் பொருள் விற்கப்படும். முறைப்படி விற்றிருந்தால் முழு உரிமையும் வாங்கியவருக்கே போய்ச் சேரும். பாக்கியும் விற்ற செலவும் கழித்த மிச்சம்தான் உங்கள் கைக்கு வரும். சேர்த்த படை வராது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை ஒரு கடிவாளமும் போடுகிறது: பொருளைப் பற்றிய தகராறினால் நீங்கள் பணம் தர மறுக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், நோட்டீஸ் கொடுக்கவோ அதை வைத்து விற்கவோ அவருக்கு அதிகாரமில்லை, கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம். பிளாக் செய்த போனில் அவருக்கு எதுவும் தெரியாது. இன்றே இரண்டு வரி எழுதுங்கள்: 17 பொம்மைகள் முறிந்தன, அதனால் 120 பவுண்டைத் தர மறுக்கிறேன். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள்.

வழக்கில் உங்களுக்கு ஒரு பலம் உண்டு. நல்ல நிலையில் கொடுத்தீர்கள் என்று காட்டிவிட்டால், கவனமாகத்தான் வேலை செய்தேன் என்று நிரூபிப்பது அவர் பாடு. ஆனால் எதில் ஒட்டியிருந்தீர்கள்? சூப்பர் க்ளூ என்றால் ஃப்ரீசரில் வைத்துத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசை என்றால் பாதமும் பேஸும் உருகி ஒன்றாகியிருக்கும், கத்தி வைத்தால் கணுக்கால்தான் முதலில் போகும். "சிமெண்ட் என்று அவர் சொல்லவே இல்லை" என்பதுதான் அவர் முதல் வாதமாக இருக்கும். கொடுத்த அன்றைய போட்டோவும் மெசேஜும் இல்லையென்றால் உங்கள் பலம் பாதிதான்.

ஜெயித்தாலும் கிடைப்பது 17 பொம்மைகளின் சந்தை விலையோ ரிப்பேர் செலவோதான். ஸ்மால் கிளெய்மில், அதாவது சிறு தொகை வழக்கில், வக்கீல் ஃபீஸ் திரும்பாது. என் ஃபீஸே உங்கள் தகராறை விடப் பெரிது, அதனால் சமரசமாகப் போங்கள். அவர் 120 பவுண்டை விட்டுவிடட்டும், நீங்கள் 17 பொம்மைகளை விட்டுவிடுங்கள். பழைய பேஸ்களையும் அதில் ஒட்டி நிற்கும் பாதங்களையும் கேட்டு வாங்குங்கள். இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஒத்துவரவில்லையா? உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு தருகிறேன் என்று எழுதிவிட்டு 120ஐக் கட்டி, பெட்டியை எடுங்கள். அவர் எதிரிலேயே திறந்து போட்டோ எடுங்கள். அதற்கு முன் ஒரு பாதத்தையும் ஒட்டாதீர்கள்.