போர்ஷே பாக்ஸ்டரின் இக்னிஷன் சுவிட்சை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். என்னிடம் 2001-ஆம் ஆண்டின் போர்ஷே பாக்ஸ்டர் 986 உள்ளது; கையால் கியர் மாற்றும் வண்டி. சில மாதங்களாக எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னும் ஏசி காற்றும் வைப்பரும் வேலை செய்வதில்லை. சாவியைச் சற்றே பின்னுக்குத் தள்ளினால் இரண்டும் உயிர் பெறுகின்றன. சில நாட்களில் சாவியைத் திருகினாலும் ஸ்டார்ட்டர் சுற்றுவதில்லை. சாவிப் பூட்டை ஸ்டீயரிங் பூட்டோடு சேர்த்து முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று பணிமனையில் பெருந்தொகை கேட்கிறார்கள். இதை நானே செய்ய முடியுமா?

பதில்: சாவியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் ஏசி வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு குறிப்பே பழுதின் இடத்தைப் பெருமளவு காட்டிக் கொடுத்துவிடுகிறது. முழுப் பூட்டையும் மாற்றச் சம்மதிப்பதற்கு முன், அதன் பின்புறத்தில் தனியாகப் பொருந்தியிருக்கும் மின்சுவிட்சைச் சோதித்துப் பாருங்கள். அது விலை குறைந்த பிளாஸ்டிக் பாகம். பொறுமையும் நல்ல டார்ச் விளக்கும் இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

சாவி நுழையும் உருளையும் ஸ்டீயரிங் பூட்டும் உலோகத்தால் ஆன இயந்திரப் பகுதி. அந்த உருளையிலிருந்து பின்னோக்கி நீளும் ஒரு சிறு தண்டு, சுவிட்சின் நடுவிலுள்ள பள்ளத்தில் அமர்ந்து அதைச் சுழற்றுகிறது. ஜெர்மானிய வண்டிகளில் மின்முனைகளுக்கு டின் 72552 தரப்படி எண்கள் உண்டு: 30 என்பது பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் முனை, 15 இக்னிஷனுக்கு, 50 ஸ்டார்ட்டருக்கு. இவற்றோடு எக்ஸ் என்ற முனையும் இருக்கிறது. ஏசி விசிறி, வைப்பர் போன்று அதிக மின்சாரம் இழுப்பவற்றை, ஸ்டார்ட்டர் சுழலும் சில நொடிகளுக்குத் துண்டித்து வைப்பது அதன் வேலை. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பிளாஸ்டிக் தேய்ந்து, தொடுமுனைகள் மின்பொறியால் கருகிவிடுகின்றன. அப்போது சாவி தானாகத் தன் நிலைக்கு முழுமையாகத் திரும்பாமல் இடையில் நின்றுவிடுவதால், வண்டி இன்னும் ஸ்டார்ட் நிலையிலேயே இருப்பதுபோல எக்ஸ் முனை மின்சாரம் இன்றிக் கிடக்கிறது. உங்கள் விரல் கொடுக்கும் சிறு தள்ளல், அந்த ஸ்பிரிங் செய்யத் தவறிய வேலையைத்தான் செய்கிறது.

ஸ்டார்ட்டர் சுற்றாத நாட்களுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், பாகத்தை வாங்கும் முன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்து, கிளட்சை மிதித்தபடி இன்னொருவரைச் சாவியைத் திருகச் சொல்லி, சுவிட்சின் பின்னால் 50-ஆம் முனையில் அளவிடுங்கள். அங்கே பேட்டரியின் வோல்ட் வந்தும் ஸ்டார்ட்டர் அசையவில்லை என்றால் பழுது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வயரிங், ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. 30-இல் வோல்ட் இருந்து 50-இல் வரவில்லை, அல்லது வந்து வந்து போகிறது என்றால் குற்றவாளி சுவிட்சேதான். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்பது வேறு வகைக் கோளாறு. அதற்கு இந்தப் பாகத்தை மாற்றிப் பயனில்லை.

இந்தச் சுவிட்ச் ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளிலும் வருவதே. 4ஏ0 905 849 பி என்ற எண்ணைச் சொல்லிக் கேட்டால் அந்த நிறுவனங்களின் உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும். போர்ஷே பெட்டியில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர் தெரியாத மலிவுப் போலிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இதே வேலையை அடுத்த ஆண்டும் செய்ய நேரும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ரேடியோ அதன் குறியீட்டு எண்ணைக் கேட்கலாம் என்பதால், வேலையைத் தொடங்கும் முன் அந்த எண் கைவசம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிறகு பேட்டரியின் எதிர்முனையை (மைனஸ்) 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றுங்கள். இந்த வண்டியின் கதவுகளில் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது. கைப்பிடியை இழுக்கும்போது கண்ணாடி சிறிது இறங்கிக் கொடுப்பது மின்சாரத்தால் நடப்பது. மின்சாரம் இல்லாதபோது கதவை அடித்துத் திறந்தால் ரப்பர் கிழியும். முன்பக்க மூடியையும் திறந்தே வையுங்கள், ஏனெனில் பேட்டரி அதற்குள்தான் இருக்கிறது. மின்விசையால் திறக்கும் வகையாக இருந்தால் மூடிய பின் திறப்பது பெரும்பாடு. ஏர்பேக் அமைப்பில் தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

உங்கள் வண்டி வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டது என்பதால் சாவித்துளை ஸ்டீயரிங்குக்கும் வலக்கதவுக்கும் நடுவில் இருக்கும். அந்தப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தையும், முழங்காலுக்கு மேலுள்ள மூடியையும், கால்பகுதிக்குச் செல்லும் காற்றுக் குழாயையும் கழற்றினால் பூட்டின் பின்புறம் தெரியும். கனெக்டரை நேராகப் பின்னுக்கு இழுத்து எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். சுவிட்சைப் பிடித்திருப்பவை இரண்டே திருகுகள். கடுகளவே ஆன அவற்றின் தலையில், தானாகத் தளராதிருக்க அரக்குப் போன்ற பூச்சு பூசியிருப்பார்கள். முதலில் அந்தப் பூச்சைக் கூர்முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் சிறு திருப்புளியால் மெல்லத் தளர்த்துங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பூச்சோடு திருகினால் தலை வழுக்கிப் போகும். பிறகு பூட்டையே கழற்ற வேண்டிவரும். திருகுகளை முழுவதும் எடுக்கத் தேவையில்லை. எடுத்தால் அவை டாஷ்போர்டின் இடுக்கில் விழுந்து தொலையும்.

பழைய சுவிட்சை வெளியே எடுத்ததும் அதன் நடுப்பள்ளம் எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்து, புதியதன் பள்ளத்தையும் திருப்புளியால் அதே கோணத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். சாவி துளையிலேயே இருக்கட்டும். இடையில் அதை அசைக்க வேண்டாம். தண்டும் பள்ளமும் நேர்கோட்டில் இருந்தால் புதிய சுவிட்ச் அழுத்தமின்றி உள்ளே சென்று அமரும். அமராவிட்டால் கோணம் தவறு என்று பொருள். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

இந்தப் பழுதோடு வண்டி ஓட்டுவதைத் தள்ளிப்போடக்கூடியதாக நினைக்காதீர்கள். ஓடும்போது இக்னிஷன் அறுந்தால் எஞ்சின் நின்று, ஸ்டீயரிங் கனத்து, பிரேக்கின் துணைவிசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். ஏர்பேக்கும் விரியாமல் போகலாம். இக்னிஷன் சுவிட்ச் குறைக்காக 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்பப் பெற்ற வண்டிகளில் பான்டியாக் சால்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை என்னும் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களும் இருந்தன. சாவி தானாக நழுவி எஞ்சினை அணைத்துவிடும் அந்தக் குறைக்காக அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 உயிரிழப்புகளை ஏற்றுக்கொண்டது. அங்கே குறை சுவிட்சின் வடிவமைப்பில் இருந்தது, இங்கே தேய்மானத்தில் இருக்கிறது. ஆனாலும் சாவிக்கொத்தில் தொங்கும் கனமான பொருட்களை இன்றே எடுத்துவிடுங்கள். சுவிட்சைத் தவிர்த்துத் தனியாக ஒரு பொத்தான் வைத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

பேட்டரியை இணைக்கும் முன்பே, புதிய சுவிட்சோடு சாவியைப் பலமுறை ஸ்டார்ட் நிலைவரை திருகி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பினால் மூடிகளைப் பூட்டி, பேட்டரியை இணைத்து, கதவுக் கண்ணாடிகள் ஏறி இறங்கும் எல்லையைக் கையேட்டின்படி மீண்டும் பதியுங்கள். அப்போதும் திரும்பாமல் இடையில் சிக்கினால், அல்லது சாவி வெளியே வர மறுத்தால், கோளாறு உருளையில் இருக்கிறது. அது ஸ்டீயரிங் பூட்டோடு பிணைந்த பகுதி என்பதால் அந்த வேலையை மட்டும் போர்ஷே பழகிய பணிமனையிடம் விட்டுவிடுங்கள்.