மில்டனும் 10 பவுண்டும்

அன்புள்ள ஐயா,

‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தை ஆங்கிலக் கவிஞர் மில்டன் வெறும் 10 பவுண்டுக்கு விற்றார் என்று வகுப்பில் எங்கள் ஆசிரியர் சொன்னார். பதிப்பாளர் சாமுவேல் சிம்மன்ஸ் அவரை ஏமாற்றிவிட்டாரா? 1667இல் வந்த முதல் பதிப்பின் முகப்புப் பக்கப் படத்தைத் தேடிப் பார்த்தேன். அதில் சிம்மன்ஸ் பெயரே இல்லை. வேறு மூன்று பேர் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் யார்?

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த மூன்று பெயர்களைப் பார்த்து நின்றீர்களே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. பலர் முகப்பைத் தாண்டி நேராக முதல் வரிக்குப் போய்விடுவார்கள்.

இன்று பதிப்பாளர் என்று நாம் சொல்லும் தனித்தொழில் அன்றைய லண்டனில் இல்லை. அச்சடிப்பவர், காகிதத்துக்கும் கூலிக்கும் முதல் போடுபவர், கடையில் வைத்து விற்பவர் என்று மூன்று வேலைகள்தான் இருந்தன. சில நேரம் மூன்றையும் ஒருவரே செய்தார். 1609இல் ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளை (14 வரிக் கவிதைகளை) ஜார்ஜ் எல்ட் அச்சடித்தார், தாமஸ் தோர்ப் முதல் போட்டார், வில்லியம் ஆஸ்ப்ளி விற்றார். சில பிரதிகளில் ஆஸ்ப்ளிக்குப் பதிலாக ஜான் ரைட் என்று இருக்கும். உள்ளே தாள்கள் அதேதான். எந்தக் கடைக்குப் போகிறதோ அந்தக் கடைக்காரர் பெயரை முகப்பில் மாற்றிப் போட்டார்கள்.

நீங்கள் பார்த்த மூவரும் அப்படிப்பட்ட கடைக்காரர்கள். பீட்டர் பார்க்கர் கடை ஆல்ட்கேட் அருகே, ராபர்ட் போல்ட்டர் கடை பிஷப்ஸ்கேட் தெருவில், மத்தாயஸ் வாக்கர் கடை ஃபிளீட் தெருவில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தின் கீழே. இந்த மூன்று இடங்களையும் லண்டன் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மூன்றும் 1666 செப்டம்பர் பெருந்தீ எரித்த பகுதியின் ஓரங்களில், தீக்குத் தப்பிய இடங்களில் இருக்கின்றன. அதற்கு முன்பு புத்தக வியாபாரம் என்றால் செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றியிருந்த வளாகம்தான். தீ நெருங்கியபோது வியாபாரிகள் சரக்கையெல்லாம் பேராலயத்துக்கு அடியிலிருந்த செயின்ட் ஃபெயித் நிலவறையில் அடுக்கினார்கள். கல் கட்டடம், தாங்கும் என்று நம்பினார்கள். கூரை இடிந்து விழுந்து உள்ளே இருந்த அத்தனையும் பற்றிக்கொண்டது. ஒரு வாரம் எரிந்தது என்று அக்கால எழுத்தாளர் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எத்தனையோ கடைக்காரர்கள் ஒரே நாளில் ஓட்டாண்டி ஆனார்கள். அந்தச் சாம்பலுக்கு ஏழு மாதம் கழித்து, 1667 ஏப்ரல் 27 அன்று, மில்டனும் சிம்மன்ஸும் ஒப்பந்தம் போட்டார்கள்.

ஒப்பந்தம் இப்படி: கையெழுத்தானதும் 5 பவுண்டு. முதல் பதிப்பில் 1,300 பிரதி விற்றதும் இன்னொரு 5. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளுக்கும் அதே கணக்கு. எந்தப் பதிப்பும் 1,500 பிரதிக்கு மேல் போகக் கூடாது. மில்டன் கேட்டால் விற்ற கணக்கைச் சிம்மன்ஸ் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எழுதியவருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லாத காலம் அது. அச்சடிப்பவர்கள், புத்தக வியாபாரிகளின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் யார் பெயரில் நூல் ஏறுகிறதோ அவருக்கே அது சொந்தம். அப்படிப்பட்ட நாளில் விற்பனையோடு பணத்தைக் கட்டிவைத்து ஒரு கவிஞர் ஒப்பந்தம் வாங்கியிருக்கிறார். வாங்கியவர் பார்வை இழந்தவர். முடியாட்சியை எதிர்த்து எழுதி, அது திரும்பியபின் சிறை சென்றவர், அவர் நூல்கள் எரிக்கப்பட்டிருந்தன. அவரை நம்பி சிம்மன்ஸ் முதல் போட்டதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிம்மன்ஸ் வெறும் கூலிக்கு அச்சடித்தவரும் இல்லை. 1668இல் வந்த பிரதிகளில் வாசகருக்கு அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று உண்டு. நூலுக்குக் கதைச்சுருக்கம் போடும் எண்ணம் முதலில் இல்லை என்றும், பலர் கேட்டதால் வாங்கிச் சேர்த்ததாகவும், கவிதையில் ஏன் இயைபு (வரி முடிவுகள் ஒலியில் ஒத்து வருவது) இல்லை என்று பலர் இடறியதால் அதற்கான காரணத்தையும் சேர்த்ததாகவும் அதில் சொல்கிறார். கடைக்கு வந்தவர்கள் முணுமுணுத்தது கவிஞர் காதுக்குப் போயிருக்கிறது. ஏற்கெனவே அச்சான தாள்களுக்கு முன்னால் 14 பக்கங்கள் புதிதாகச் சேர்ந்தன. இயைபு என்னும் கைவிலங்கைப் பற்றி மில்டன் எழுதிய அந்தப் புகழ்பெற்ற பத்தி நமக்குக் கிடைத்தது இப்படித்தான். இந்தக் குறிப்பு வந்தபோது முகப்பில் சிம்மன்ஸ் பெயரும் வந்துவிட்டது.

இரண்டாவது 5 பவுண்டு 1669 ஏப்ரலில் மில்டன் கைக்கு வந்தது. ஆக, ஆசிரியர் சொன்ன 10 சரிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1674இல் மில்டன் இறந்தார். 1680இல் அவருடைய மனைவி எலிசபெத், மிச்சமிருந்த உரிமை முழுவதையும் 8 பவுண்டுக்கு சிம்மன்ஸிடம் எழுதிக் கொடுத்தார். சிம்மன்ஸ் அதை 25 பவுண்டுக்கு பிராபசான் எய்ல்மர் என்ற வியாபாரிக்கு விற்றார். எய்ல்மரிடமிருந்து 1683இல் பாதியும் 1690இல் மீதியும் ஜேக்கப் டான்சனுக்குப் போயின. 1688இல் டான்சன் வழியாகப் படங்களோடு ஒரு பெரிய பதிப்பு வந்தது. முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் மட்டும் 500 பேருக்கு மேல். டான்சன் குடும்பம் அந்த நூலால் தலைமுறைகளுக்குச் செழித்தது.

எனக்கு ஆற்றாமை எல்லாம் அந்த 8 பவுண்டு மேல்தான். டான்சன் பதிப்பு வந்தபோது எலிசபெத் உயிரோடு இருந்தார்.