புகைப்பவருக்கு மட்டும் ஏன் தடை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் புகைபிடிப்பவன். விருந்துகளில் கோப்பையோடு நிற்பவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு ஒரு சிகரெட் பிடிக்க வேண்டுமானால் கட்டடத்துக்கு வெளியே, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். புகைத்துவிட்டு நான் யாரையும் அடித்ததில்லை, யார்மேலும் வண்டியை ஏற்றியதில்லை. குடித்தவர்கள் இரண்டையும் செய்கிறார்கள். பிறகு தடை எனக்கு மட்டும் ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குடியைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் காட்டிப் புகைக்கான தடையைத் தளர்த்தச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புகைப்பது அவரவர் பாடு என்றுதான் உலகம் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, புகைக்காத மனைவியர் 90,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவுகளை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைக்கப் புகைக்க, சிகரெட்டையே தொடாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. புகையிலை நிறுவனங்கள் அந்த ஆய்வைக் கடுமையாகத் தாக்கின. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையேதான் சொன்னன.

2004 மார்ச்சில் அயர்லாந்து தன் மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகைக்குத் தடை போட்டது. ஒரு நாடு முழுக்க அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து வந்தது என்பது எனக்கு முக்கியம். வாடிக்கையாளருக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து போய்விடலாம். அங்கே பரிமாறுகிறவர் வேலை முடியும் வரை அந்தக் காற்றைத்தான் சுவாசித்தாக வேண்டும். தனி மூலை, மின்விசிறி எதுவும் அவரைக் காப்பாற்றாது. ஆகவே நீங்கள் வெளியேதான் நிற்க வேண்டும்.

ஆனால் வெளியே நிற்பவரை அருவருப்போடு பார்க்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெரும்பாலோர் இளவயதில், சிகரெட்டுக்கு அடிமையாக்கும் நிகோடின் என்றால் என்னவென்று தெரியாமல் தொடங்கியவர்கள். விட முயன்று தோற்றவர்கள் அவர்களில் ஏராளம். அந்தப் பார்வை உங்களை நோகடிக்கிறது என்றால் அதில் தவறே இல்லை.

சரி, குடிக்கு வருவோம். புகையின் கெடுதலை அதே அறையில் மூக்கு கண்டுபிடித்துவிடும். குடியின் கெடுதல் விருந்து முடிந்தபிறகு குடித்தவரோடு வீட்டுக்குப் போகிறது. அதை அனுபவிப்பவர்கள் மனைவி, கதவுச் சத்தத்துக்கே பயந்து விழிக்கும் பிள்ளைகள், எதிரே சாலையில் வரும் யாரோ ஒருவர். விருந்தில் கோப்பையை நீட்டியவர் இவர்களில் ஒருவரையும் பார்ப்பதில்லை. அதனால்தான் குடி இன்னும் கொண்டாட்டமாகவே தெரிகிறது.

உடலுக்குச் செய்யும் கேட்டிலும் இதே பாகுபாடுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1986-இல் புகையிலைப் புகையையும் 1988-இல் மதுவையும், புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற பட்டியலில் சேர்த்தது. இடையில் இரண்டே ஆண்டுகள். சிகரெட் பற்றி இன்று எல்லோருக்கும் தெரியும். மது மார்பகப் புற்றுநோய்க்கும் காரணமாகலாம் என்பதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? புகையிலைக்கு எதிரான உலக உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. மதுவுக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. புகைக்குத் துணிந்து தடை போட்ட அதே அயர்லாந்து, மதுப் புட்டியில் புற்றுநோய் எச்சரிக்கை ஒட்ட 2023-இல் விதி செய்துவிட்டு, பிறகு அதை 2028-க்குத் தள்ளிவைத்தது.

சட்டம் செய்கிறவர்களின் மேசையிலிருந்து சிகரெட் சாம்பல் கிண்ணம் போய்விட்டது, மதுக்கோப்பை இன்னும் இருக்கிறது. முதன்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம் இன்னொன்று: சிகரெட் வேண்டாம் என்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. குடிக்க மாட்டேன் என்பவர் மட்டும் ஏன், உடம்புக்கு என்ன என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் கோபம் இந்த இடத்தில் பயன்படட்டும். மது விளம்பரங்களையும் விளையாட்டுப் போட்டிகளுக்கு மது நிறுவனங்கள் தரும் பணத்தையும் எதிர்த்துக் கேளுங்கள். புட்டியில் எச்சரிக்கை வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த விருந்தில், குடித்தவர்களின் வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்று அழைத்தவரிடமே கேளுங்கள். நானும் கேட்கிறேன்.